பட்டுக்கோட்டைக்குப் பட்டா கேட்பவர்கள்

“பாட்டுக்கும் கட்சிக்கும் என்னய்யா சம்பந்தம்? கவிஞன் எல்லோருக்கும் பொது. அவனைப் போய்ச் செங்கொடிக்குள் சுருட்டி வைக்கலாமா?”

இப்படிக் கேட்கிறவர்கள் இன்று நாட்டில் மலிந்துவிட்டார்கள். வருஷம் தவறாமல் ஏப்ரல் 13-ம் தேதியும் அக்டோபர் 8-ம் தேதியும் மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் படத்துக்கு மாலைகள் விழுகின்றன. முதல் தேதி 1930-ல் அவர் பிறந்த நாள். இரண்டாவது தேதி 1959-ல், 29 வயதில், அவர் மறைந்த நாள். மாலை போடுகிறவர்களில் உழைப்பாளிகள் உண்டு. உழைப்பாளிகளின் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. இந்த இரண்டாவது ரகத்தார் மாலையோடு போவதில்லை, சொற்பொழிவும் ஆற்றுகிறார்கள். “பிறவிக் கவிஞர்”, “படிக்காத மேதை”, “கலைமகள் தந்த வரம்” என்று புகழ்மாரி பொழிகிறார்கள். பாட்டைப் புகழ்கிறார்கள், கட்சியை மட்டும் மறைக்கிறார்கள்.

நாம் இதை வெறும் மறதி என்று நம்பத் தயாராக இல்லை. ஊர்ப் பொது நிலத்தை வளைக்கிறவன் முதலில் எல்லைக் கல்லைப் பிடுங்குவான். பிறகு பட்டாவில் தன் பெயரை எழுதிக்கொள்வான். கல்யாணசுந்தரத்தின் விஷயத்திலும் அந்த வேலைதான் நடக்கிறது. அவர் எந்த மண்ணில் நின்று பாடினார், யாரோடு நின்று பாடினார் என்ற எல்லைக் கல்லைப் பிடுங்கிவிட்டால், அவருடைய பாட்டு வெறும் புத்திமதி ஆகிவிடும். புத்திமதியை எந்த முதலாளியும் தன் ஆபீஸ் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். கூலி கேட்கிற பாட்டை எந்த முதலாளி மாட்டுவான்?

சீமையில் நடந்த கதை

இந்தத் தந்திரம் நம் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஸ்காட்லாந்து தேசத்தில், இருநூறு வருஷங்களுக்கு முன்பே, ராபர்ட் பர்ன்ஸ் என்ற விவசாயக் கவிஞருக்கு இதே கதி நேர்ந்தது. நம் தோழர்கள் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பர்ன்ஸ் 1759 ஜனவரி 25-ல் அலோவே என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் வில்லியம் குத்தகை விவசாயி. தன் கையாலேயே மண் சுவர் எழுப்பிக் கட்டிய குடிசையில்தான் பிள்ளை பிறந்தது. நிலம் பிரபுவுடையது, பாடு இவர்களுடையது. பதின்மூன்று வயதில் பர்ன்ஸ் களத்தில் கதிர் அடித்தார். பதினைந்து வயதில் அந்தப் பண்ணையின் பிரதான வேலையாள் அவர்தான். குத்தகைப் பாக்கிக்காக நிலக்காரனின் காரியஸ்தன் எழுதிய மிரட்டல் கடிதங்களைப் படித்து வீடே கண்ணீர் விட்டதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பிறகு வேறொரு பண்ணையில் நிலக்காரன் வழக்குத் தொடுத்தான். அந்த வழக்கில் அலைந்து அலைந்தே தகப்பனார் 1784-ல் மாண்டார். தஞ்சைச் சீமையில் வாரம் பயிரிட்டவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா?

ஏர் பிடித்துக்கொண்டே அவர் பாட்டுக் கட்டினார். கொழு பட்டு வளை இடிந்துபோன சுண்டெலிக்கும் ஒரு பாட்டு எழுதினார். எழுதியது பண்டிதர்களின் இங்கிலீஷில் அல்ல. வயலிலும் சாராயக் கடையிலும் ஜனங்கள் பேசிய ஸ்காட் பாஷையில். 1786-ல் கில்மார்னக் என்ற ஊரில் அவருடைய முதல் புத்தகம் அச்சாயிற்று. 612 பிரதிகள், விலை மூன்று ஷில்லிங். வறுமை தாங்காமல் அந்த வருஷம்தான் அவர் ஜமைக்காவுக்குக் கப்பலேற இருந்தார். அங்கே அடிமைகளை வைத்து வேலை வாங்கும் கரும்புத் தோட்டத்தில் கணக்கு உத்தியோகம்! மனிதர் எல்லோரும் சமம் என்று பின்னால் பாடிய கவிஞரையே பசி அந்த வாசல்வரை இழுத்துக்கொண்டு போயிற்று. புத்தகம் விற்றது, பயணம் நின்றது.

இனிமேல்தான் நாடகம். தலைநகரான எடின்பரோவின் கனவான்கள் அவரை விருந்துக்கு அழைத்தார்கள். ஹென்றி மெக்கன்சி என்ற எழுத்தாளர் பத்திரிகையில் பாராட்டினார். எப்படி? வானமே பாடம் சொல்லிக் கொடுத்த உழவன் என்று! தோழர்களே, அந்தப் புகழ்ச்சியின் விஷத்தைக் கவனியுங்கள். பர்ன்ஸின் தகப்பனார் அரை வயிறு உண்டும், அக்கம்பக்கத்துக் குடும்பங்களோடு கூட்டுச் சேர்ந்து, ஜான் மர்டாக் என்ற வாத்தியாரை அமர்த்திப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். தாயார் நாட்டுப் பாட்டுகளின் களஞ்சியம். பர்ன்ஸ் கிடைத்த புத்தகத்தை எல்லாம் படித்தவர். இத்தனை பேரின் உழைப்பையும் ஒரே வரியில் அழித்துவிட்டு, வானத்தின் பெயரில் வரவு வைத்தார்கள். வானம் கொடுத்ததென்றால் யாருக்கும் நன்றிக்கடன் இல்லை அல்லவா! மற்ற உழவர்களுக்குப் பள்ளிக்கூடம் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை அல்லவா!

விருந்து வைத்தவர்கள் பிழைப்புக்கு வழி செய்தார்களா? கிரீச் என்ற புத்தக வியாபாரி நூறு கினிக்கு உரிமையை வாங்கிக்கொண்டு, பணத்தைத் தராமல் மாதக்கணக்கில் அலைய வைத்தான். மறுபடியும் குத்தகை, மறுபடியும் நஷ்டம். 1789-ல் பர்ன்ஸ் சர்க்காரின் கலால் இலாகாவில் உத்தியோகத்தில் சேர்ந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் பக்கம் அவர் மனம் சாய்ந்தது. உடனே, 1792 கடைசியில், அவருடைய ராஜ விசுவாசத்தைப் பற்றி மேலதிகாரிகள் விசாரணை நடத்தினார்கள். பெண்டாட்டி பிள்ளைகளின் சோறு அந்தச் சம்பளத்தில் இருந்தது. அவர் பணிந்து பதில் எழுத வேண்டியதாயிற்று. பட்டமும் பதவியும் வெறும் முத்திரை, மனிதன்தான் தங்கம் என்ற கருத்தில் அவர் எழுதிய உலகப் புகழ் பெற்ற பாட்டு 1795-ல் பெயர் போடாமலேதான் வெளிவந்தது.

1796 ஜூலை 21-ல், 37 வயதில், இறந்தார். சாவதற்குச் சில நாட்களுக்கு முன்புகூட ஐந்து பவுனுக்கும் பத்துப் பவுனுக்கும் கடிதம் எழுதிக் கெஞ்ச நேர்ந்தது. என்ன கடன் தெரியுமா? ராஜாவின் தொண்டர் படையில் சேர்ந்ததற்குத் தைத்த யூனிபாரத்தின் துணிக் கடன்! அவரை அடக்கம் செய்த நாளில், அதே படை துப்பாக்கி வெடித்து மரியாதை செய்தது. அன்றைக்குத்தான் அவர் மனைவிக்கு இன்னொரு பிள்ளை பிறந்தது.

ஐந்து வருஷம் கழித்து, 1801-ல், அவர் பெயரில் விருந்து வைக்கும் வழக்கம் ஆரம்பித்தது. சாம்ராஜ்யம் பரவிய இடமெல்லாம் ஸ்காட்லாந்துத் துரைமார்கள் அந்த விருந்தைக் கொண்டுபோனார்கள். குத்தகைக்காரனின் மகன் பாடிய பாட்டைத் தோட்ட முதலாளிகள் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். ஆனால் அவருக்கு 1956-ல் தபால்தலை வெளியிட்டது சோவியத் யூனியன். பிரிட்டிஷ் சர்க்கார் அதைச் செய்ய 1966 ஆயிற்று. மார்ஷாக் என்ற கவிஞரின் மொழிபெயர்ப்பில் பர்ன்ஸ் ருஷ்யப் பாட்டாளிகளின் வீட்டுக் கவிஞராக வாழ்ந்தார். பாட்டின் உரிமையாளர் யார் என்பது அங்கே புரிந்தது.

நாற்றங்கால் எது?

இனி நம் கவிஞரிடம் வருவோம்.

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு. சாதாரண விவசாயக் குடும்பம். கல்யாணசுந்தரம் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்தது சொற்ப காலம். அதை வைத்துத்தான் “படிக்காத மேதை” என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: அவர் தகப்பனார் அருணாசலனார் யார்? கும்மிப் பாட்டுகள் இயற்றிய நாட்டுப்புறக் கவிஞர். அவருடைய ‘முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி’ புத்தகமாக அச்சேறியது. அண்ணன் கணபதிசுந்தரம் யார்? தம்பிக்கு எழுத்தறிவித்தவர். ஏற்றக்காரனும் நடவுப் பெண்ணும் ராகம் போட்டுக் கொடுத்தார்கள். இதெல்லாம் படிப்பில்லையா? நாற்றங்கால் இல்லாமல் நடவு உண்டா?

மாடு மேய்த்தார், ஏர் பிடித்தார். மாம்பழம் விற்றார், இட்லி விற்றார், முறுக்கு விற்றார். மீனும் நண்டும் பிடித்தார். உப்பளத்தில் வேலை செய்தார், தண்ணீர் வண்டி இழுத்தார், நாடகத்தில் வேஷம் கட்டினார். அவர் பார்த்த தொழில்களைக் கணக்கெடுத்தவர்கள் 17 என்று எண்ணியிருக்கிறார்கள். இதைச் சொல்லி, பாவம் என்று உச்சுக் கொட்டுகிறவர்கள் உண்டு. நாம் வேறு விதமாகச் சொல்கிறோம். அந்த 17 தொழிலும் 17 வகுப்புகள். உப்பளத்தில் கால் வெடித்தவனுக்கு உப்பின் விலை தெரியும். அந்த உப்பை விற்றுக் கொழுத்தவன் யாரென்பதும் தெரியும்.

இன்னொரு பள்ளிக்கூடமும் இருந்தது. அதன் பெயரைத்தான் மாலைக்காரர்கள் சொல்ல மறுக்கிறார்கள். அது தஞ்சை விவசாயிகள் இயக்கம்.

கல்யாணசுந்தரம் வளர்ந்த காலத்தில் தஞ்சை ஜில்லா எப்படி இருந்தது? பண்ணையாள் என்றால் தலைமுறை தலைமுறையாக மிராசுதாருக்கு அடிமை. சேரியில் பிறந்தவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் சவுக்கடி. அதோடு சாணிப்பால் குடிக்க வைக்கும் கொடுமை. 1940-களில் தோழர் பி. சீனிவாசராவ் அந்த மண்ணில் கால் வைத்தார். கன்னட நாட்டில் பிறந்த அவர் சேரிக் குடிசைகளில் படுத்து, பண்ணையாட்களைச் சங்கத்தில் திரட்டினார். சவுக்கும் சாணிப்பாலும் ஒழிந்தது அந்தச் சங்கத்தால். பிறகு கட்சியைச் சர்க்கார் தடை செய்தது. 1950 மே மாதத்தில் ஜாம்பவானோடை சிவராமனும் வாட்டாக்குடி இரணியனும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். இரணியன் விழுந்தது பட்டுக்கோட்டைப் பக்கத்து வடசேரியில். அப்போது கல்யாணசுந்தரத்துக்கு வயது இருபது. சொந்தச் சீமையில், சொந்த வயதுக்காரர்களின் ரத்தம் சிந்திய காலம் அது. அந்த ரத்தத்தின் பலனாகத்தான் 1952-ல் தஞ்சைப் பண்ணையாள், சாகுபடியாளர் பாதுகாப்புக்கு என்று சர்க்கார் சட்டம் கொண்டுவர நேர்ந்தது.

இந்த மண்ணிலிருந்து அவர் புதுவைக்குப் போய்ப் பாவேந்தர் பாரதிதாசனிடம் தமிழ் பயின்றார். சுயமரியாதைக் கருத்துகளும் அவரைச் செதுக்கின. அதை நாம் மறைக்கவில்லை; மறைக்க வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. விவசாயிகள் இயக்கத்தில் உழைத்தார். 1954 முதல் ‘ஜனசக்தி’ பத்திரிகையில் கவிதை எழுதினார். தோழர் ஜீவா 1937-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகையை மில் கேட்டிலும் களத்துமேட்டிலும் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். பாட்டைக் கேட்ட கணமே புரிகிற மாதிரி எழுத அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்தப் பத்துப் பேர்தான். “கலைமகள் தந்த வரம்” என்று சொல்லி இந்தப் பத்துப் பேரையும் கணக்கிலிருந்து அடிக்கப் பார்க்கிறார்கள். மெக்கன்சியின் வித்தையேதான் இது.

ராயப்பேட்டை அறையும் மயிலாப்பூர் சபாவும்

சென்னைப் பட்டணத்துக்கு வந்த கல்யாணசுந்தரம் ராயப்பேட்டையில் நண்பர்களோடு சேர்ந்து ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். அந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பக்கம் மயிலாப்பூர். இன்னொரு பக்கம் மவுண்ட் ரோடு, அதன் கோடியில் ஜெமினி ஸ்டூடியோ. அதைத் தாண்டித் தியாகராய நகரும் கோடம்பாக்கமும். ராயப்பேட்டைப் பக்கத்தில்தான் மியூசிக் அகாடமிக்குப் பெரிய மண்டபம் கட்ட 1955-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். ஒரே வட்டாரத்தில் இரண்டு இசை! ஒன்றுக்கு மண்டபம், மாலை, பட்டுப்புடவை, காப்பி. மற்றொன்றுக்கு ஒரு வாடகை அறை, ஒரு பாய், ஒரு பேனா.

கர்நாடக சங்கீதம் மோசம் என்று நாம் சொல்லவில்லை. அதுவும் மனித உழைப்பின் செல்வம்தான். ஆனால் மார்கழி மாதம் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நடக்கும் கச்சேரிகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நாற்று நடுகிறவளின் பாட்டுக்கும் நூல் நூற்கிறவனின் பாட்டுக்கும் அதில் எத்தனை வரி இடம் என்று எண்ணிப் பாருங்கள். இந்த வேலி சங்கீதக்காரர்கள் சிலரின் மனசாட்சியையே உறுத்தியிருக்கிறது. அதனால்தான் 2015-ல் அடையாறு ஓரத்து ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர்களோடு சேர்ந்து, குப்பத்து மணலிலேயே ஒரு கலைவிழாவைத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்கு அறுபது வருஷத்துக்கு முன்பே ஒரு விவசாயி மகன் அந்த வேலியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். சபா கதவை அவர் தட்டவே இல்லை. டூரிங் டாக்கீஸின் மணல் தரைக்குப் போனார்.

இங்கேதான் சில “தீவிரவாதிகள்” குறுக்கே விழுகிறார்கள். “சினிமா முதலாளிக்குத்தானே பாட்டு விற்றார்?” என்கிறார்கள். இவர்களுக்கும் பதில் சொல்வோம். மில் தொழிலாளி யாருடைய தறியில் நெய்கிறான்? முதலாளியின் தறியில்தான். அதற்காக அவனைத் துரோகி என்பீர்களா? உழைப்பை விற்றான், உணர்வை விற்றானா என்று பாருங்கள். கல்யாணசுந்தரத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. ஒரு படமுதலாளி அவருக்குத் தரவேண்டிய பாக்கியைத் தராமல் இழுத்தடித்தாராம். கேட்கப் போனால் நிற்க வைத்தாராம். கவிஞர் ஒரு துண்டுக் காகிதத்தில், என்னை நிற்கச் சொல்ல நீ யார் என்ற பொருளில் நாலு வரி எழுதி, மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாராம். பணம் வீடு தேடி வந்ததாம். ரசிகர்கள் இதைக் கவிஞரின் குறும்பு என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். தோழர்களே, இது குறும்பா? செய்த வேலைக்குக் கூலி கேட்டு நின்றவனின் சுயமரியாதை அல்லவா? கிரீச்சின் வாசலில் பர்ன்ஸ் நின்ற அதே நிலையில்தான் இவரும் நின்றார். இவருக்குப் பின்னால் சங்கம் என்ற பள்ளிக்கூடம் இருந்தது. கெஞ்சாமல் கேட்கத் தெரிந்தது.

பாட்டு என்ன கேட்கிறது?

பாட்டுகளுக்கே வருவோம்.

1958-ல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில் ஒரு பெண்ணும் ஆணும் பாடுகிற பாட்டு. சும்மா கிடந்த நிலத்தைத் திருத்தியது யார், தண்ணீர் பாய்ச்சியது யார், விளைந்த பிறகு உழைத்தவன் கையில் என்ன மிச்சம் என்று அவள் கேட்கிறாள். நமக்கும் ஒரு காலம் வரும் என்று அவன் தைரியம் சொல்கிறான். இது காதல் பாட்டா, விவசாயிகள் சங்க மாநாட்டுத் தீர்மானமா? இரண்டுமே! அதுதான் அவருடைய சாமர்த்தியம். மாநாட்டுக்கு வராதவனின் காதிலும் தீர்மானத்தைப் போட்டுவிட்டார்.

1960-ல், அவர் மறைந்த பிறகு, ஜெமினி எடுத்த ‘இரும்புத்திரை’ வெளிவந்தது. மில் தொழிலாளர்களின் கதை. சம்பளத்தைக் கையில் வாங்கினவன், அது பைக்குப் போகும் முன்பே எங்கே மறைந்தது என்று தெரியாமல் திகைக்கிற பாட்டு அதில் உண்டு. கடன்காரன், மளிகைக்காரன், வீட்டு வாடகை என்று சம்பள நாளன்றே காசு பறந்துபோவதைப் பார்க்காத மில் தொழிலாளி யார்? பொருளாதாரப் பேராசிரியர்கள் முன்னூறு பக்கத்தில் சொல்கிற விஷயத்தை, சம்பளக் கவரைப் பிடித்த கையிலேயே வைத்துக் காட்டிவிட்டார் கவிஞர்.

1957-ல் வந்த ‘புதையல்’ படத்தில் கைத்தறிச் சேலையைப் பற்றி ஒரு பாட்டு. சேலையைப் பார்க்கும்போதே அதன் ஒவ்வொரு இழையும் பின்னி வருகிற வேலை கண்ணில் படுகிறது. தியாகராய நகரின் ஜவுளிக் கடைகளில் சேலையைப் பிரித்துக் காட்டும்போது விலைச் சீட்டு தெரியும், ஜரிகை தெரியும். நெய்தவன் தெரியமாட்டான். தெரிய வைத்தது அந்தப் பாட்டு.

1961-ல் வந்த ‘திருடாதே’ பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுவர்களுக்கு ஒழுக்கம் போதிக்கும் பாட்டு என்று இதைப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பாட வைக்கிறார்கள். பாட வையுங்கள்! ஆனால் முழுதாகப் பாட வையுங்கள். பசிக்குத் திருடுகிறவனோடு அந்தப் பாட்டு நிற்கவில்லை. திட்டம் தீட்டித் திருடுகிற கூட்டத்தையும் அது கூண்டில் ஏற்றுகிறது. பொதுவுடைமை வந்துவிட்டால் பதுக்கலுக்கு வேலை இருக்காது என்று பச்சையாகவே சொல்கிறது. இதற்குப் பிறகும் “கவிஞருக்குக் கட்சி கிடையாது” என்கிறவர் பாட்டைக் கேட்டாரா, அல்லது மெட்டை மட்டும் கேட்டாரா?

நாற்காலியின் கால்

எம்.ஜி.ஆர். அவர்கள் 1977-ல் முதலமைச்சரானார். தம் நாற்காலியின் ஒரு கால் பட்டுக்கோட்டையின் பாட்டு என்ற கருத்தில் அவர் சொன்னதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நன்றியோடு சொன்ன சொல்தான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாற்காலிக்குக் கால் கொடுத்த பாட்டு அந்த நாற்காலியிடம் எதைக் கேட்டது? அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அதே ஆட்சியில், 1978-ல், வேடசந்தூரில் விவசாயிகள்மீது துப்பாக்கி வெடித்தது. அதற்கு முன்பு வேறொரு கட்சி ஆண்டபோது, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 உயிர்களை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அவர்கள் செய்த குற்றம் கூலி நெல் கூடக் கேட்டது. செங்கொடியை இறக்க மறுத்தது. கீழ்க் கோர்ட்டு மிராசுதார்களைத் தண்டித்தது. மேல் கோர்ட்டு விடுதலை செய்தது. விளைந்த நெல்லில் எனக்கு என்ன மிச்சம் என்று சினிமாவில் கேட்டால் கைதட்டல். அதே கேள்வியை வயலில் நின்று கேட்டால் நெருப்பு!

1990-களில் சர்க்கார் அவருடைய பாட்டுகளை நாட்டுடைமை ஆக்கியது. பட்டுக்கோட்டையில் மணிமண்டபமும் எழும்பியது. வரவேற்கிறோம். பாட்டை நாட்டுடைமை ஆக்கிய சர்க்கார்களே, அந்தப் பாட்டு எதை நாட்டுடைமை ஆக்கச் சொல்கிறது என்று படித்துப் பார்த்தீர்களா?

இன்றைய கணக்கு

“அதெல்லாம் பழைய கதை. இன்று மிராசுதார் ஏது, சவுக்கு ஏது?” என்பார்கள். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்கு வாருங்கள். பல அடுக்கு மாடிக் கடைகள். காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே விற்கும் பெண்பிள்ளைகள். பல பேர் தென் ஜில்லாக்களின் வானம் பார்த்த கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கடை ஊழியர் உட்கார ஓர் இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. நாற்காலிக்குக் கால் கொடுத்த கவிஞரின் ஜனங்களுக்கு உட்கார ஒரு முக்காலி கிடைக்கச் சட்டம் வேண்டியிருக்கிறது! சட்டம் வந்துவிட்டது. முக்காலி வந்ததா என்று கடைக்குக் கடை போய்ப் பார்க்க வேண்டியது நம் வேலை.

2023 ஏப்ரல் 21-ம் தேதி, தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை 12 மணியாக நீட்ட வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலர் 1923 மே 1-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி நூறு வருஷம் நிறைகிற சமயத்தில் இந்தக் காணிக்கை! எட்டு மணி நேரத்துக்காக உலகத் தொழிலாளி செத்த நாளின் நூற்றாண்டுக்குப் பன்னிரண்டு மணி நேரப் பரிசு! தொழிற்சங்கங்கள் எல்லாம், கொடியின் நிறம் பாராமல், எதிர்த்து எழுந்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, மசோதா வாபஸ் ஆயிற்று. இதைச் சாதித்தது யாருடைய கருணையும் அல்ல, தொழிலாளி வர்க்கத்தின் ஐக்கியம். வானம் தருவதில்லை, சங்கம்தான் தருகிறது. பாட்டுக்கும் இதே விதி, கூலிக்கும் இதே விதி.

நாம் சொல்ல வந்த விஷயம் இதுதான். கவிஞர் வானத்திலிருந்து விழுந்தார் என்று ஒப்புக்கொண்டால், அடுத்த கவிஞருக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவரை ஒரு தகப்பனார், ஓர் அண்ணன், ஒரு திண்ணைப் பள்ளி, ஓர் ஆசான், ஒரு விவசாயிகள் சங்கம், ஒரு பத்திரிகை சேர்ந்து உருவாக்கினார்கள் என்று தெரிந்துகொண்டால், இன்னொருவரை நாமே உருவாக்கலாம். மாலைக்காரர்கள் பயப்படுவது இதற்குத்தான். செத்த கவிஞரால் அவர்களுக்குத் தொல்லை இல்லை. இப்போது ஏதோ ஒரு வயலில், ஏதோ ஒரு ஸ்பின்னிங் மில்லின் நைட் ஷிப்டில், வாய்க்குள் முனகிக்கொண்டிருக்கிற அடுத்தவர்தான் அவர்களுக்குத் தொல்லை.

ஆகவே, தோழர்களே, ஒவ்வொரு சங்கக் கிளையிலும் வரும் அக்டோபர் 8-ம் தேதி கூடுவோம். படத்துக்கு மாலை போட்டுக் கலைந்துவிட வேண்டாம். அவர் பாட்டுகளில் மூன்றை எடுத்து முழுதாகப் பாடுவோம். எந்த அடி எந்தக் கூலியைப் பற்றிப் பேசுகிறது, எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறது என்று நம் சொந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பேசுவோம். பாட்டுக் கட்டத் தெரிந்த தொழிலாளியை, கூலிப் பெண்ணை, மேடையில் ஏற்றுவோம். இலக்கணம் பிசகினாலும் பாதகமில்லை. அவர்கள் பாட்டை நோட்டில் எழுதி வைப்போம், பத்திரிகைக்கு அனுப்பி வைப்போம். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுவோம்.

மெரினாவில் பாறையை நெம்பித் தள்ளும் நான்கு உழைப்பாளிகளின் சிலை இருக்கிறது. ராய் சௌத்ரி வடித்த அந்தச் சிலையை நிறுவியது 1959 குடியரசு தினத்துக்கு முதல் நாள். அதே நாளில்தான் பர்ன்ஸ் பிறந்து இருநூறு வருஷம் நிறைந்தது. அதே வருஷம்தான் கல்யாணசுந்தரம் மறைந்தார். அந்தச் சிலையில் யாரும் தனியாக நிற்கவில்லை, நாலு பேரும் சேர்ந்துதான் தள்ளுகிறார்கள். பாறை நகர வேண்டுமானால் அதற்கு ஓர் ஏலேலோ வேண்டும். அந்த ஏலேலோ நம்முடையது. அதற்கு யாரும் பட்டா போட்டுக்கொள்ள நாம் விடமாட்டோம்!